வீடற்ற கனவான்கள்

உள்ளூராட்சிச் சேவையில் புதிதாகக் கால் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் நாலு புத்தி சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். புத்தி என்னிடம் அவ்வளவு மிச்சமில்லை. வேலைக்குச் சேரும்போது கொண்டுபோனதிலேயே அரைவாசியைச் சுற்றறிக்கைகள் தின்றுவிட்டன. கதை இருக்கிறது, அதைச் சொல்கிறேன். புத்தி அதற்குள் எங்காவது கிடந்தால் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வடகரையில் உள்ள ஒரு பட்டினசபைக்குச் செயலாளராக மாற்றலாகிப் போனேன். ஊரின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதத் தெரியும். நான் வேலை பார்த்த கந்தோரின் யன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மீன்சந்தை. இரண்டின் இரைச்சலையும் சேர்த்தாலும் சபைக்கூட்டத்தின் இரைச்சலுக்கு உறை போடக் காணாது.

அந்தக் காலத்தில்தான் கூட்டுறவு வீடமைப்பு என்றொரு கொள்கை கொழும்பிலிருந்து வந்தது. நல்ல கொள்கை. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லது. பட்டினசபை தன் காணியில் ஒரு டசின் கல்வீடுகளைக் கட்டும். வீடில்லாதவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து அவற்றைப் பொறுப்பெடுத்து, மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டிவந்தால் கடைசியில் வீடு அவர்களுக்கே சொந்தம். அந்த வருடங்களில் வெங்காயத்துக்கு வந்த விலையால் சுன்னாகம் சந்தைப் பக்கம் போய்வந்தவர்கள் மடியில் காசு இருந்தது. ஆனால் காசைக் கொட்டினாலும் சீமெந்து கிடையாது. அரசாங்கமே சீமெந்து கொடுத்துக் கட்டுகிற வீடு என்றதும் ஊர் முழுவதையும் வீடில்லாத கவலை பிடித்துக்கொண்டது.

கொள்கை வந்தால் அதன் பின்னாலே சுற்றறிக்கை வரும். அதில் இரண்டு விதிகளை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, எவருடைய பெயரில் வீடு இல்லையோ அவரே வீடற்றவர். இரண்டாவது, மணமாகாத பெண்களைச் சங்கத்தில் சேர்க்கக்கூடாது. ஏனென்றால் கலியாணம் முடிந்ததும் அவர்கள் கணவன் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கொடுத்த வீடு சும்மா கிடக்கும்.

இதை எழுதிய மனிதரை நான் திட்டமாட்டேன். அவருடைய ஊரில் பெண்கள் அப்படித்தான் போனார்கள் போலும். எங்கள் பக்கத்தில் எல்லாம் தலைகீழ் என்று அவருக்கு யார் சொல்வது? இங்கே வீடு என்றால் அது பெண்பிள்ளையின் சீதனம். பெண்ணின் பெயருக்கு வீட்டை எழுதிவிட்டுத்தான் மாப்பிள்ளை பகுதியோடு வாய் திறக்கலாம். மாப்பிள்ளை ஒரு றங்குப்பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். ஆயுள் முழுக்க அங்கேயே இருந்து, முற்றத்தில் நின்று அதிகாரம் பண்ணி, போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் 'என்ரை வீடு' என்று சொல்லுவார். வீட்டின் உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அவருடைய பெயர் மருந்துக்கும் இராது. நான் மட்டும் என்ன விசேஷம்? சண்டிலிப்பாயில் நான் இருந்ததும் என் மனைவியின் வீடுதான். கூரை ஒழுகினால் அது என்னுடைய வீடு, உறுதியை எடுத்தால் அவருடைய வீடு.

இந்த வழக்கத்தையும் அந்தச் சுற்றறிக்கையையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் உள்ள கனவான்கள் அத்தனை பேரும் சட்டப்படி வீடற்றவர்கள்!

மனுக்கள் வந்தன பாருங்கள். மாடிவீட்டில் இருந்த புடைவைக்கடை முதலாளி வீடற்றவர். நாற்சார் வீட்டில் சாய்மனைக் கதிரை போட்டுப் படுத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடற்றவர். எங்கள் சபைத் தலைவர் ஒரு பிறக்கிராசியார், கோட்டில் வழக்குப் பேசுகிறவர். அவர் இருந்த வீட்டின் முன்மண்டபத்தில் இரண்டு கார் நிற்கும். அவரும் வீடற்றவர். எல்லோரும் சத்தியக் கடதாசி இணைத்திருந்தார்கள். வாசகம் ஒன்றேதான், தலைவரே ஊருக்குப் பொதுவில் எழுதிக்கொடுத்திருந்தார். 'எனக்கென ஒரு வீடு இல்லாதபடியால் பிறர் தயவில் ஓரிடத்தில் ஒதுங்கி வாழ்ந்துவருகிறேன்.' தலைமையாசிரியர் மட்டும் அதோடு தன் பங்குக்கு இரண்டு வரி கூட்டி எழுதியிருந்தார். நல்ல தமிழ். வாசித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

கவனியுங்கள், ஒருவராவது பொய் சொல்லவில்லை. பொய்யை விசாரித்துப் பிடிக்கலாம். கைலஞ்சத்தைப் பிடிக்கலாம். சத்தியமான உண்மையைச் சொல்லிக்கொண்டு மாடிவீட்டிலிருந்து இறங்கி வருகிறவனை எந்தச் சட்டத்தால் பிடிப்பீர்கள்? அவர்களுடைய திட்டமும் எனக்குத் தெரியும். வீட்டை எடுத்து, வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற வங்கிக்காரருக்கும் டொக்டருக்கும் வாடகைக்கு விடுவது.

இந்த நிலைமையில்தான் சின்னத்தங்கம் கந்தோருக்கு வந்தார். மீன்சந்தையில் மீன் விற்கிற பெண். கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் பிரதம லிகிதர் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார். பகலில் அந்தக் கூடை மீனைக் குழம்பாகச் சாப்பிடுகிறவர்தான் அவர்.

சின்னத்தங்கத்தின் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு பெண்பிள்ளைகள். தன்னுடைய சீதன வீட்டை மூத்தவளுக்கு எழுதிக்கொடுத்துக் கரைசேர்த்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டுக் குசினிச் சுவரோடு இறக்கிய ஒரு சாய்ப்புப் பத்தியில் இளையவளோடு இருந்தார். இளையவள் பெயர் புவனேஸ்வரி. அவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. அடுத்த கடல்துறை ஊர்ப் பையன், சுன்னாகத்தில் மின்சார நிலையத்தில் வேலை. பையனுக்கும் விருப்பம், பெண்ணுக்கும் விருப்பம். பையனின் தாய் மட்டும் ஒரு சொல்லில் நின்றார். பெண்ணின் பெயரில் ஒரு வீடு இருக்கவேண்டும், அதுவும் மார்கழி பிறக்கமுதல். இல்லாவிட்டால் கொடிகாமத்தில் கல்வீட்டோடு இன்னோர் இடம் பேசி வருகிறதாம், அங்கே போய்விடுவாராம்.

நான் சின்னத்தங்கத்துக்கு நல்ல யோசனை சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவருடைய பெயரிலேயே ஒரு மனுப் போடச் சொன்னேன். விதவை, உண்மையாகவே வீடில்லாதவர், கட்டாயம் கிடைக்கும். ஆனால் கிடைத்த வீட்டைப் பிறகு வேறு பெயருக்கு மாற்ற விடமாட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

"எனக்கேன் ஐயா வீடு?" என்று கேட்டார். "நானோ கலியாணம் முடிக்கப்போறன்?"

அப்படியானால் மகளுக்குத் தர வழியில்லை என்று இரண்டாவது விதியை வாசித்துக் காட்டினேன். திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கலியாணம் முடிச்சால் பெட்டை வீட்டை விட்டிட்டுப் போயிடும் எண்டோ எழுதிக் கிடக்கு? வீடில்லாமல் ஆர் ஐயா வந்து பெட்டையைக் கட்டுறது? உந்த விதியை எழுதின ஆளுக்குப் பெம்பிளைப் பிள்ளையள் இல்லைப்போலை."

கலியாணம் முடித்தால்தான் வீடு என்கிறது அரசாங்கம். வீடு வந்தால்தான் கலியாணம் என்கிறது ஊர். நடுவிலே ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விஷயத்தைச் சபைக்கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பகுதி வழக்கத்தை விளக்கி, அந்த விதியிலிருந்து எங்களுக்கு விலக்குத் தரும்படி கொழும்புக்கு எழுதுவோம் என்று ஒரு குறிப்பு வைத்தேன். உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்பிள்ளையின் பெயருக்கு வீட்டைக் கொடுத்தால் நாளைக்கு அந்த வீட்டில் ஆம்பிளைக்கு என்ன மரியாதை இருக்கும் என்று தலைவர் ஒரு கேள்வி போட்டார். சபை ஆழ்ந்த யோசனையில் மூழ்கியது. அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட அன்று காலையில் தன்னுடைய வீட்டில் கண் விழித்தவர் அல்ல. தனிச்சொத்தே கூடாது என்று முழங்குகிற தோழர் ஒருவர் எழும்பி, வீடு எவர் பெயரிலும் இருக்கக்கூடாது என்று நெடுநேரம் பேசிவிட்டு உட்கார்ந்தார். மனுக்கட்டுக்குள் அவருடைய மனுவும் இருந்தது. கடைசியில் இதை ஆராய்வதற்கு ஓர் உபகுழு நியமித்தார்கள்.

உபகுழு என்றால் என்னவென்று உங்களுக்குப் போகப்போக விளங்கும். ஒரு விஷயத்தைக் கொன்ற பாவமும் வேண்டாம், வளர்க்கிற செலவும் வேண்டாம் என்றால் உபகுழு. அது கூடிக் கலைவதற்குள் மார்கழி என்ன, பங்குனியே வந்துவிடும்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சுற்றறிக்கையை மறுபடி எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். கோபத்தில் வாசித்தால் எழுத்துக்கள் நன்றாகத் தெரியும். கடைசிப் பக்கத்தில் ஒருவரும் கண்டுகொள்ளாத ஒரு விதி கிடந்தது. செயலாளர் ஒவ்வொரு மனுதாரரின் இருப்பிடத்துக்கும் நேரில் போகவேண்டும். அந்த வீட்டின் சொந்தக்காரரைக் கண்டு, மனுவை வாசித்துக் காட்டி, மனுதாரருக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை என்று எழுத்தில் வாங்கவேண்டும். எல்லாச் சபைகளிலும் இதைக் கந்தோரில் இருந்தபடியே ஒரு சரி போட்டு முடித்துவிடுவார்கள். நான் அந்த விதிக்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிவது என்று தீர்மானித்தேன்.

முதலில் புடைவைக்கடை முதலாளி இருந்த மாடிவீடு. முதலாளி கடையில். அவருடைய மனைவி விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். வீடு ஆருடையது என்று கேட்டேன். தன் தகப்பன் தனக்குத் தந்தது என்றார், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. கணவருக்கு இதில் உரிமை ஏதும் உண்டோ என்றேன். ஒரு துண்டும் இல்லை என்றார், கொஞ்சம் பெருமையாகவே. பிறகு சத்தியக் கடதாசியை வாசித்தேன். பிறர் தயவில் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பிறர் தான்தானோ என்று கேட்டார். சட்டப்படி ஓம் என்றேன். கையெழுத்து வைத்தார். தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"இஞ்சை என்ரை வீடு கிடக்க, உந்த மனிசன் புதுவீட்டிலை ஆரைக் கொண்டுபோய் வைக்கப்போகுது?"

அதைப்பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அடுத்தநாள் நான் போகமுதலே முதலாளி கந்தோர் வாசலில் நின்றார். மனுவைத் திருப்பித் தந்தால் பெரிய புண்ணியம் என்றார். முகம் வீங்கியிருந்தது. நித்திரை இல்லாமல் வந்த வீக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியரின் மனைவியும் ஒரு காலத்தில் படிப்பித்தவர். கடதாசியைக் கையில் வாங்கித் தானே வாசித்தார். கணவர் கூட்டி எழுதியிருந்த இரண்டு வரியையும் இரண்டுமுறை வாசித்தார். தமிழ் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கையெழுத்திட்டார். நான் படலையைச் சாத்தித் திரும்பும்போது தலைமையாசிரியரின் தலையணையும் பாயும் விறாந்தைக்கு வந்துகொண்டிருந்தன. தயவின் எல்லை அவ்வளவுதான் போலும்.

தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் வீட்டுக்கு நான் வரத் தேவையில்லை, தானே எழுதித் தந்துவிடுகிறேன் என்றார். விதி அப்படிச் சொல்லவில்லை ஐயா என்று பணிவாகச் சொன்னேன். பணிவு மாதிரி ஒரு ஆயுதம் நம் தொழிலில் இல்லை, அதைத் துருப்பிடிக்க விடாதீர்கள். நான் போன நேரம் அவர் முன்னறையில் வழக்காளிகளோடு இருந்தார். அம்மையார் கடதாசியை முழுக்கக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்து, சந்தைக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"இஞ்சை ஒருக்கால் வாருங்கோ. நீங்கள் இஞ்சை ஒதுங்கியல்லோ இருக்கிறியளாம்!"

வழக்காளிகளும் எழும்பி வந்துவிட்டார்கள். கோட்டில் எவருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், அங்கே ஒரு எதிர்வாதமும் இல்லாமல் நின்றார். எனக்கே பாவமாகிவிட்டது. பொய் ஏன், உள்ளுக்குள் வலு சந்தோஷம்.

அதன்பிறகு நான் அதிகம் நடக்கவேண்டியிருக்கவில்லை. செய்தி என்னைவிட வேகமாக வீடு வீடாகப் போய்விட்டது. கனவான்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து மனுவை எடுத்துக்கொண்டு போனார்கள். தோழரும் தத்துவ காரணங்களுக்காக விலகுவதாகச் சொன்னார். மனுக்கட்டு மெலிந்து, தோணி செய்கிற ஆசாரி, சலூன்காரர், வலைத்தொழிலாளிகள் என்று புருஷன் பெயரிலும் மனைவி பெயரிலும் வீடில்லாத ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள். கட்டி முடிந்த வீடுகளில் ஒன்று மிச்சம். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நானும் மனுப் போட்டனானோ என்று விசாரித்தார். இல்லை என்றேன். போட்டிருந்தால் தானும் ஒரு கையெழுத்து வைத்திருக்கலாம் என்றார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிடத்து விதியோடு மோதி வெல்லலாம் என்று இளரத்தத்தில் தோன்றும். மோதவேண்டாம். அதை ஒருதரம் முழுமையாக நிறைவேற்றிக் காட்டுங்கள். அதைவிடப் பெரிய கலகத்தை ஒருவரும் செய்ததில்லை.

சரி, வீடு மிச்சம். ஆனால் புவனேஸ்வரி இன்னும் மணமாகாத பெண். கார்த்திகையும் பாதி போய்விட்டது. சின்னத்தங்கம் இப்போது நாள்தோறும் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் எரிந்து விழுந்து தப்பியிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முதல் எழுத்து என்று ஒன்று நடக்கும், உங்களுக்குத் தெரியும். பதிவாளர் வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பதிவார். தாலி கட்டுவது பிறகு, நாள் பார்த்து. எழுத்து முடிந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் புருஷனும் பெண்சாதியும். ஊரின் கண்ணுக்குத் தாலி ஏறும்வரை ஒன்றுமேயில்லை. சுற்றறிக்கைக்கு இருப்பது சட்டத்தின் கண் மட்டும்தானே? எழுத்து முடிந்த நிமிடத்திலிருந்து புவனேஸ்வரி மணமான பெண். மணமான பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று அது ஓரிடத்திலும் சொல்லவில்லை.

தலைவரிடம் போனேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அம்மையாரின் கூப்பாட்டுக்குப் பிறகு பெண்களின் வீட்டுரிமையில் அவருக்குத் திடீரென்று பெரிய பக்தி வந்திருந்தது. எழுத்து நடக்கப்போகிற நாளைப் போட்டு, புவனேஸ்வரி பெயருக்கு வீடு ஒதுக்குகிற கடிதத்தில் கையெழுத்து வைத்தார். பதிவு முடிந்ததைக் கண்ணால் கண்டபிறகுதான் கொடுக்கவேண்டும், முதலே கொடுத்தால் என் உத்தியோகத்துக்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். அது நியாயம். மனுவைத் திருப்பி வாங்கிய அத்தனை பேரும் பேனையைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

எழுத்து மூத்த மகளின் வீட்டு மண்டபத்தில். பதிவாளர் புத்தகத்தை விரித்துவிட்டார். என் சட்டைப் பையில் கடிதமும் வீட்டுச் சாவியும். அப்போதுதான் பையனின் தாய் கையை நீட்டினார். கடிதத்தை இப்போதே தரட்டாம். எழுத்து முடிந்தபிறகு கந்தோர் கையை விரித்தால் தன் மகன் பத்தியிலோ படுக்கிறது என்று கேட்டார். அதைக் கேட்டதும் சின்னத்தங்கமும் மாறிவிட்டார். பெட்டையின் பெயரைப் புத்தகத்தில் எழுதிப்போட்டு இவர்கள் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிப் போனால் தாலியும் இல்லை, பேரும் கெட்டுப்போம், ஆகவே கடிதம் கைக்கு வராமல் தன் மகளும் பேனை தொடமாட்டாள் என்றார். இரண்டு தாய்மாரும் சொன்னது முழு நியாயம்.

பையில் இருந்ததை எடுத்து நீட்டிவிடத்தான் மனம் சொன்னது. கை பைக்குள்ளே போயும்விட்டது. நீட்டியிருந்தால் மணமாகாத பெண்ணுக்குச் சாவி கொடுத்தவனாவேன். என் வேலை போவது ஒருபக்கம், அதைக் காரணம் காட்டி வீட்டையே பறித்துவிடுவார்கள். வெறுங்கையை வெளியே எடுத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடிதம் என்னிடம் இருக்கிறது, முதலே தந்தால் அது செல்லாது, எழுத்து முடிந்த அடுத்த நிமிடம் தருவேன், இதற்கு என் வாக்கைத் தவிர வேறு பிணை இல்லை. அரசாங்க உத்தியோகத்தனின் வாக்குக்கு ஊரில் என்ன விலை என்று எனக்குத் தெரியாதா? பையனின் தாய் நீட்டிய கையை மடக்கவில்லை. பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பையன் நிலத்தைப் பார்த்தான்.

அதுவரை புவனேஸ்வரியின் குரலை நான் கேட்டதில்லை. அவள் எழும்பிப் பதிவாளருக்குப் பக்கத்தில் வந்தாள். பேனையைத் தரச் சொன்னாள். மாப்பிள்ளைதான் முதலில் வைப்பது வழக்கம் என்று பதிவாளர் இழுத்தார்.

"வீடு என்ரை பேரிலைதானே வரப்போகுது," என்றாள். "வராட்டி நட்டமும் எனக்குத்தான். நான் முதல் வைக்கிறன்."

தாயின் முகத்தைப் பார்க்காமலே குனிந்து கையெழுத்து வைத்தாள். பேனையைப் பையனின் பக்கம் நீட்டினாள். அவன் தன் தாயைப் பார்க்கவில்லை. வாங்கினான், வைத்தான். பதிவாளர் ஒற்றித்தாளை அழுத்துவதற்குள் கடிதத்தையும் சாவியையும் அவளுடைய கையில் வைத்துவிட்டேன். நான் சேவையில் எத்தனையோ கையெழுத்துகளைக் கண்டவன், அப்படியொரு கையெழுத்தைப் பிறகு காணவில்லை. மார்கழிக்கு முதல் தாலியும் ஏறியது.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கத் தகுதியில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் கொழும்புக்கு ஒரு பெட்டிசம் போயிருந்தது. பெயர் போடவில்லை. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆகவே யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். சங்க வீட்டில் அங்கத்தவரும் கணவரும் பிள்ளைகளும் தவிர வேறெவரும் குடியிருக்கக்கூடாது என்பது விதி, புவனேஸ்வரியின் வீட்டில் அந்நியர் ஒருவர் குடியிருக்கிறார், ஆகவே வீட்டைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது பெட்டிசத்தின் சாரம். விசாரிக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். தமிழர்தான், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்.

அவரோடு நானும் போனேன். விறாந்தையில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் மீன்கூடை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. சின்னத்தங்கம் சந்தையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கூடையிலிருந்துதான் வீட்டின் மாதக் காசு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். உத்தியோகத்தர் மரியாதையான மனிதர். கதிரையில் இருந்து கேள்வி கேட்டார். நீங்கள் அங்கத்தவரா? இல்லை. இந்த வீட்டில் உங்களுக்கு உரிமை ஏதும் உண்டா? இல்லை. வேறெங்காவது உங்கள் பெயரில் வீடு உண்டா? இல்லை. அவர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கமுள்ளவர். 'மேற்படி பெண் வீடற்றவர்' என்று எழுதினார்.

முகம் துடைத்துக்கொண்டிருந்த சின்னத்தங்கம் அப்படியே நின்றார்.

"ஆர் ஐயா வீடில்லாதவள்? ரெண்டு பெட்டையளுக்கு ரெண்டு வீடு குடுத்தவள் நான்."

குரலை உயர்த்தவுமில்லை. உத்தியோகத்தர் அவரைப் பார்த்தார். பிறகு எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினார். அந்த இடத்தில் வேறென்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். 'வீடு கொடுத்தவர்' என்று எழுதச் சொன்னேன். அப்படியொரு பிரிவு சுற்றறிக்கையில் இல்லையே என்றார்.

இல்லைத்தான், எழுதுங்கள் என்றேன். எழுதினார்.